தண்ணீர் மேல் போட்ட பழி

பெரியம்மாவிடம் ஒரு பழைய தைல டப்பா இருந்தது. மூடியைத் திறந்தால் பஞ்சு, பஞ்சுக்கு மேல் ஏழு கற்கள். பெரியது கொள்ளு அளவு, முள் முளைத்த மாதிரி சொரசொரப்பாக இருக்கும். மற்றவை கடுகும் எள்ளும்தான். ஒவ்வொன்றும் எந்த வருஷம் விழுந்தது, எந்த ராத்திரி யார் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்பதெல்லாம் அவருக்குத் துல்லியமாக ஞாபகம் இருக்கும். விருந்தாளி வந்தால் காப்பி கொடுத்துவிட்டு டப்பாவையும் காட்டுவார். சின்ன வயதில் நான் அதை நகைப்பெட்டி மாதிரி மரியாதையோடு பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளம்தான், பாலக்காடு ஜில்லாதான். ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், அதை வைத்துக்கொண்டு நடக்கும் சண்டை தமிழில் நடக்கும். மேற்கே மழை கொட்டித் தீர்க்கிற மாதங்களில் எங்களுக்கு வருவது பெரும்பாலும் காற்று மட்டும்தான். தென்னந்தோப்புக்கும் வீட்டுக்கும் போர் தண்ணீர். அண்டாவின் அடியில் வெள்ளையாக உப்பு படியும், சோப்பு நுரைக்காது. ஆகவே யாருக்குக் கல்லடைப்பு வந்தாலும் காரணம் தயாராக இருந்தது. “இந்தத் தண்ணியக் குடிச்சா கல்லு வராம என்ன பண்ணும் கண்ணு?” என்பார் அம்மா. வாழைத்தண்டுச் சாறு, இளநீர், ஒரு ஊசி, நாலு நாள் படுக்கை. பிறகு மறுபடி தோப்பு.

தண்ணீர் மேல் போட்ட இந்தப் பழி எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை ஓடியது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2011இல் அம்மாவுக்கு நாற்பத்து நான்கு வயது. கல் இரண்டு முறை வந்திருந்தது. அதோடு காரணமில்லாத அசதி, மலச்சிக்கல், முழங்கால் எலும்பில் ஒரு குடைச்சல். கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் யாரோ புண்ணியவான் ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொன்னார். 11.4. சாதாரணமாக எட்டரையிலிருந்து பத்து, பத்தேகால் வரைதான் இருக்க வேண்டும். அடுத்து பி.டி.ஹெச். என்கிற பாராதைராய்டு ஹார்மோனைப் பார்த்தார்கள். அறுபத்தைந்துக்குள் இருக்க வேண்டியது 190 இருந்தது. அன்றைக்குத்தான் பாராதைராய்டு என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. “தைராய்டுதானே, மாத்திரை போட்டாப் போச்சு” என்றார் அப்பா. எல்லாரும் அப்படித்தான் நினைப்போம்.

தைராய்டுக்கும் இதற்கும் பெயரும் இடமும்தான் சொந்தம். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அரிசி மணி அளவில் நான்கு சுரப்பிகள். ஒன்று முப்பது முதல் ஐம்பது மில்லிகிராம்தான் இருக்கும். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக்கொடுப்பது, சிறுநீரில் போவதைத் தடுத்துப் பிடிப்பது, குடல் உறிஞ்சுவதற்கு வழி செய்வது, இவைதான் அவற்றின் வேலை. அளவுக்கு மீறிச் சுரந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், வழிகிறது சிறுநீரகத்தில் கல்லாகச் சேரும். மனித உடம்பில் கடைசியாகக் கண்டுபிடிக்கப்பட்ட உறுப்புகளில் இதுவும் ஒன்று. 1880இல் ஸ்வீடனில் ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம் என்ற மருத்துவ மாணவர் மனிதரில் இதை விவரித்து எழுதினார். அதற்கும் முன்னால் லண்டன் மிருகக்காட்சி சாலையில் செத்துப்போன ஒரு காண்டாமிருகத்தை அறுத்தபோது ரிச்சர்ட் ஓவன் இதைப் பார்த்துக் குறித்திருக்கிறார். அது நம் நாட்டுக் காண்டாமிருகம். அவ்வளவு பெரிய உடம்புக்குள் இவ்வளவு சின்ன சமாச்சாரம் முதலில் கண்ணில் பட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

சரி, அம்மாவுக்கு வருவோம். ஸ்கேன் எடுத்தார்கள். இடது பக்கம் கீழே ஒரு சுரப்பி மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அதை எடுத்தார்கள். கால்சியம் இறங்கியது. அம்மா நன்றாக ஆனார். ஊரே சந்தோஷப்பட்டது. ஆறு வருடம் கழித்து, 2017இல், மறுபடியும் 11.1.

“ஆபரேஷன் சரியாப் பண்ணலை” என்பது சொந்தக்காரர்களின் தீர்ப்பு. நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் கறுவிக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் தம்பிக்கு, அவனுக்கு இருபத்தேழு வயதுதான், இரண்டு சிறுநீரகத்திலும் கல். இந்த முறை வேறு ஆஸ்பத்திரி, வேறு டாக்டர். திருச்சூர்க்காரர். ரிப்போர்ட்டைப் பார்த்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: “வீட்டில் வேறெ ஆர்க்கெங்கிலும் இது உண்டோ?”

இந்த ஒரு கேள்வியை 2011இல் யாரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆனால் நியாயமாகச் சொன்னால், கேட்டிருந்தாலும் நாங்கள் “இல்லீங்க டாக்டர்” என்றுதான் சொல்லியிருப்போம். ஏனென்றால் வேறு யாருக்கும் ‘இது’ கிடையாது. பெரியம்மாவுக்கு இருந்தது கல். மாமாவுக்கு இருந்தது அல்சர். தாத்தா வயிற்றில் ரத்தம் கசிந்து போய்ச் சேர்ந்தார். எல்லாம் வேறு வேறு வியாதி, வேறு வேறு பெயர்.

டாக்டர் விடவில்லை. கரண்டு பில்லின் பின்பக்கத்தில் என்னை வம்சாவளி வரையச் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள், கட்டம் போடுவது கைப்பழக்கம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். தாத்தாவுக்குக் கல்லும் வயிற்றுப்புண்ணும். மூத்த மகளுக்கு ஏழு கல். மாமாவுக்கு எந்த மாத்திரைக்கும் அடங்காத அல்சர், கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு. அம்மா. தம்பி. கறுப்படித்த கட்டங்கள் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் இறங்கின. அப்போதுதான் ஒன்று உறைத்தது. பெரியம்மா வாக்கப்பட்டது பொள்ளாச்சியில். முப்பது வருடமாக அவர் குடித்தது ஆழியாற்றுத் தண்ணீர். மாமா பனியன் கம்பெனி வேலைக்கு இருபது வயதிலேயே திருப்பூர் போய்விட்டார். எங்கள் போர் தண்ணீருக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஊரைவிட்டுப் போனவர்களையும் விடாமல் துரத்திப் போயிருக்கிறது. இதை வீட்டில் சொன்னபோது அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: “சின்ன வயசுல குடிச்ச தண்ணி உள்ளயே நின்னுருக்கும்.”

மரபணுப் பரிசோதனையில் அதற்குப் பெயர் கிடைத்தது: எம்.இ.என்.1, அதாவது பல சுரப்பிகளில் கட்டி வரவைக்கும் பரம்பரை நோயின் முதல் வகை. 1954இல் பால் வெர்மர் என்ற அமெரிக்க டாக்டர் குடும்பம் குடும்பமாக வருகிற ஒன்றாக இதை விவரித்தார். பதினோராவது குரோமோசோமில் இருக்கும் அதன் மரபணு 1997இல்தான் கையில் சிக்கியது. பாராதைராய்டு, கணையம், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, இந்த மூன்றிலும் கட்டி வரலாம். கணையத்திலோ பக்கத்துக் குடலிலோ வருகிற ஒருவகைக் கட்டி வயிற்றில் அமிலத்தை ஊற்றாக ஊற்றும். விளைவு, எதற்கும் அடங்காத அல்சர், வயிற்றுப்போக்கு. மாமாவுக்கு இருந்தது அதுதானா என்று இனி நிரூபிக்க வழியில்லை, அவர் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் எனக்குச் சந்தேகமில்லை.

இங்கேதான் எங்கள் எதிர்வீட்டு அக்கா கதைக்குள் வருகிறார். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். 2021இல் எலும்புத் தேய்மானம் என்று பார்க்கப்போய்க் கால்சியம் அதிகம் என்று வந்தது. இந்த விஷயத்தில் தெருவிலேயே பெரிய நிபுணி நான்தான் என்பதால் ரிப்போர்ட்டோடு வந்துவிட்டார். அம்மாவின் 2011 ரிப்போர்ட்டை எடுத்து இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 11.4, 11.3. 190, 170. பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று நானே சொல்ல முடியாது. ஸ்கேனிலும் இருவருக்கும் ஒரே ஒரு சுரப்பிதான் தெரிந்தது.

அக்காவுக்குப் பத்து விரல் விட்டு எண்ணிச் சொந்தத்தில் யாருக்கும் எதுவும் இல்லை. வயது ஐம்பத்தொன்பது, பெண். வம்சத்தில் இல்லாமல் தானாக வருகிற வகை, இந்த நோயில் பத்தில் ஒன்பது பேருக்கு வருவது, பெரும்பாலும் இப்படித்தான் ஆளைப் பிடிக்கும்: மாதவிடாய் நின்ற பெண்கள், ஆண்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பரம்பரையாக வருவது ஆண் பெண் பார்க்காது. எம்.இ.என்.1 என்றால் இருபது இருபத்தைந்திலேயே ஆரம்பித்துவிடும், ஐம்பதைத் தொடுவதற்குள் அநேகமாக எல்லாருக்கும் கால்சியம் ஏறியிருக்கும். மேல்நாட்டில் இதை வைத்து நாற்பதுக்குக் கீழே உள்ளவர் வந்தால் உடனே குடும்பத்தைச் சந்தேகப்படுவார்கள். நம் ஊரில் அந்தக் கணக்கு கொஞ்சம் உதைக்கும். இங்கே தானாக வருகிறவர்களே நாற்பதையொட்டிய வயதில், கல்லும் எலும்பு முறிவுமாக முற்றிய நிலையில் வருகிறார்கள். அங்கே எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்குக்கூட வழக்கமான ரத்தப் பரிசோதனையில் கால்சியம் தெரிந்துவிடுகிறது. இங்கே கால்சியம் பார்க்கவே யாராவது தனியாக எழுதிக்கொடுக்க வேண்டும். ஆகவே வயதை மட்டும் வைத்து முதல் ஆஸ்பத்திரி சந்தேகப்படாமல் போனதில் வியப்பில்லை.

அக்காவின் ஆபரேஷன் கழுத்தில் சின்னக் கீறல், முக்கால் மணி நேரம். வீங்கியிருந்த ஒன்றை எடுத்தார்கள். பி.டி.ஹெச். ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும் ஹார்மோன். அதனால் எடுத்த பத்து நிமிடம் கழித்து மேஜையில் இருக்கும்போதே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் கீழே இறங்கினால் சரியானதைத்தான் எடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். 170 இருந்தது 38க்கு வந்தது. மறுநாள் வீடு. மூன்றாம் நாள் வாசலில் கோலம். அவ்வளவுதான், அந்தக் கதை முடிந்தது.

அதே ஆபரேஷன்தான் அம்மாவுக்கும் நடந்தது. அது ஏன் முடியவில்லை?

இதைப் புரிந்துகொள்ள எனக்கே ரொம்ப நாள் ஆனது. அப்பாவுக்குத் தென்னையை வைத்துச் சொன்னேன். தோப்பில் ஒரு மரத்தில் மட்டும் காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்தால் அந்த மரத்தைப் பார்த்தால் போதும். நான்கு கன்றும் ஒரே சொத்தைத் தாய்மரத்து நெற்றில் முளைத்தவை என்றால்? ஒன்று இந்த வருஷம் கெடும், ஒன்று அடுத்த வருஷம். இன்றைக்குப் பச்சையாக நிற்பதை நம்பி உட்கார முடியாது. உடம்பில் நடப்பதும் அதுதான். ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி உண்டு, அம்மாவழி ஒன்று, அப்பாவழி ஒன்று. தானாக வரும் நோயில் ஒரு சுரப்பியின் ஒரே ஒரு செல்லில் ஏதோ பழுதாகி, அது மட்டும் பெருகிக் கட்டியாகிறது. மற்ற மூன்றும் சுத்தம். பரம்பரை வகையில் ஒரு பிரதி பிறக்கும்போதே உடம்பு பூராவும் பழுது. மிச்சமிருக்கும் இன்னொரு பிரதி கெட்டுப்போவதுதான் பாக்கி. அது நான்கு சுரப்பியிலும் நான்கு வெவ்வேறு காலத்தில் நடக்கும். அதனால் ஆபரேஷன் செய்கிறவர் கழுத்தைத் திறக்கும் அன்று ஒன்று பெரிதாக, மற்றவை சின்னதாக இருக்கும். பெரியது கட்டி மாதிரியே இருக்கும். அதை எடுத்தால் கால்சியமும் இறங்கும், பத்து நிமிடப் பரிசோதனையும் நல்ல சேதி சொல்லும். எல்லாம் பொருந்தும். மிச்சம் மூன்று உள்ளே காத்திருக்கும்.

அம்மாவின் முதல் டாக்டர் கையில் தப்பில்லை என்று அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டேன். கை என்ன செய்ய வேண்டும் என்பதை முடிவுசெய்திருக்க வேண்டியது அந்தக் கரண்டு பில் படம்.

குடும்ப நோயிலும் எல்லாம் ஒரே ரகம் இல்லை. எம்.இ.என்.2ஏ என்றால் தைராய்டிலேயே ஒரு புற்றுநோயும், அட்ரினல் சுரப்பியில் ரத்தக்கொதிப்பை ஏற்றிவிடும் கட்டியும் வரும். அட்ரினலைப் பார்க்காமல் மயக்கமருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. தாடை எலும்பில் கட்டியோடு வருகிற ஒரு வகையில் பாராதைராய்டே புற்றாக மாறும் வாய்ப்பு மற்றதைவிட அதிகம். இன்னொன்று கால்சியத்தை அளக்கும் உணர்வானிலேயே பிறவிக் குறை இருக்கும் குடும்பங்கள். அவர்களுக்குக் கத்தியே தேவையில்லை, வைத்தாலும் பலனில்லை. சிறுநீரில் கால்சியம் மிகக் குறைவாகப் போவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இந்தச் சாதாரண மூத்திரப் பரிசோதனையைச் செய்யாமல் கழுத்தை அறுத்துக்கொண்டு வந்தவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள்.

2019இல் அம்மாவுக்கும் தம்பிக்கும் ஒரே மாதத்தில் ஆபரேஷன். தம்பிக்கு மூன்றரை எடுத்தார்கள். நான்கில் மூன்றையும், நான்காவதில் பாதியையும். கூடவே நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பியையும் கழுத்து வழியாகவே இழுத்து எடுத்தார்கள். கருவில் கீழ்ச் சுரப்பிகள் இரண்டும் தைமஸோடு சேர்ந்தே உருவாகி இறங்கி வருகின்றன, வழியில் சில செல்கள் அங்கேயே தங்கிவிடலாம், அதனால்தான். அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டெல் என்ற கப்பல் கேப்டனுக்குக் கழுத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தும் கிடைக்காத கட்டி, 1932இல் ஏழாவது ஆபரேஷனில் நெஞ்சுக்குள் கிடைத்தது. எலும்பு உருகி ஆளே குள்ளமாகியிருந்தார். கட்டி கிடைத்தும் அதிக நாள் இருக்கவில்லை.

மூன்றரை ஏன், நான்கையும் எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். எடுத்தால் நோய் திரும்பாது, ஆனால் ஆயுசுக்கும் கால்சியம் மாத்திரையில் வாழ வேண்டும், மறந்தால் கைகால் இழுத்துக்கொள்ளும். அரையை விட்டால் வாழ்க்கை சுலபம், ஆனால் விட்ட அரையும் அதே சொத்தை விதை. பதினைந்து இருபது வருடத்தில் மறுபடி வளரலாம். இருபத்தெட்டு வயதுக்காரனுக்கு எது நல்லது என்று டாக்டரே எங்களிடம் திருப்பிக் கேட்டார். தம்பி அரையைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அம்மாவுக்கு ஏற்கெனவே திறந்த கழுத்து. தழும்புக்குள் திரும்பத் திரும்பப் போனால் குரல் நரம்புக்கு ஆபத்து. அதனால் மிச்சத்தை மொத்தமாக எடுத்து, ஒன்றில் கொஞ்சத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி இடது முன்கைத் தசையில் சின்னச் சின்னப் பையாக்கி நட்டுவைத்தார்கள். பிற்பாடு தொந்தரவு பண்ணினால் கையை மட்டும் மரக்கவைத்து எடுத்துவிடலாம். நட்டது துளிர்க்கும்வரை உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறது என்பார் அம்மா. ராத்திரி இரண்டு மணிக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரையை எண்ணிக்கொடுத்திருக்கிறேன். பசித்துக் கிடந்த எலும்பு வருகிற கால்சியத்தையெல்லாம் விழுங்கிவிடுகிறது என்றார்கள். இப்போது பரவாயில்லை. லேபில் ரத்தம் எடுக்கப்போனால் முதலில் இடது கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். “இந்தக் கையில எடுக்காதீங்க சாமி, இதுல என்ற சுரப்பி இருக்குது.” அந்தக் கையில் எடுத்தால் பி.டி.ஹெச். கன்னாபின்னாவென்று ஏறிக் காட்டும் என்பது உண்மை. ஆனால் அம்மா சொல்வதைக் கேட்டுப் புதிதாகச் சேர்ந்த லேப் பையன்கள் திரும்பி என்னைப் பார்ப்பார்கள்.

சொந்தபந்தம் புதிய குற்றவாளியைக் கண்டுபிடித்தது. தாத்தா அக்கா மகளைக் கட்டியவர். “சொந்தத்துலயே கட்டுனா இப்படித்தான்.” சில நோய்களுக்கு இது சரி. எம்.இ.என்.1க்கு இல்லை. பழுதான பிரதி ஒன்றே போதும், அதைக் கொண்டுவந்தவர் யாரைக் கட்டினாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. நாணயத்தைச் சுண்டுவது மாதிரி, ஒவ்வொரு பிரசவத்திலும் புதிதாக. தம்பிக்குப் பெண் பார்க்கும்போது இதைச் சொல்வதா வேண்டாமா என்று வீட்டில் மூன்று மாதம் பேச்சு. அவன் முதல் சந்திப்பிலேயே அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டான். இரண்டு இடம் கைவிட்டுப் போனது. மூன்றாவது பெண் நர்ஸ். “வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்கணும், அவ்வளவுதானுங்களே?” என்று கேட்டார். இப்போது அவர்தான் அவனை இழுத்துக்கொண்டு போகிறார்.

எனக்கும் நாணயம் சுண்டப்பட்டிருந்தது, நான் பிறந்த அன்றே. 2019 டிசம்பரில் முடிவு வந்தது. இல்லை. என் வழியில் மகளுக்கும் இனி இல்லை. கவரைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்தேன். தம்பி வாட்ஸப்பில் “தப்பிச்சுட்டே போ” என்று அனுப்பினான். சந்தோஷமாகத்தான் அனுப்பினான். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் ஒரு கட்டைவிரலைப் போட்டேன். இன்றும் அந்தக் கட்டைவிரல் எனக்கு உறுத்தும்.

மாமா மகன் மட்டும் பரிசோதனைக்கு வரவே மாட்டேன் என்றான். லாரி ஓட்டுகிறவன், வேலந்தாவளத்திலிருந்து காய்கறி ஏற்றுவான். அவனுக்கும் ஒரு கல் வந்து போயிருக்கிறது. “நாள் பூரா வெயில்ல ஸ்டியரிங் புடிக்கிறவனுக்குக் கல்லு வராதாக்கும்?” நியாயமான பேச்சுத்தான். கல் வருகிற பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் கிடையாது. வெயிலும் குறைவாகத் தண்ணீர் குடிப்பதுமே போதும். வீட்டில் பெரிய ஃபில்டர் ஒன்று வாங்கி மாட்டிவிட்டு, அதைக் காட்டுவதற்கென்றே என்னைக் கூப்பிட்டான். ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தான். தண்ணீர் நன்றாகவே இருந்தது.

போன மாசி மாதம் ராத்திரி ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். லேப் ரிப்போர்ட். கீழே ஒரு எழுத்தும் இல்லை. கால்சியம் 11.6, பேனாவால் அடிக்கோடு. கூப்பிட்டேன். “யாரிடமும் காட்டுறதுக்கு முந்தி எங்க எல்லார் கதையையும் டாக்டர்கிட்டச் சொல்லோணும், தெரியுதா? ஒண்ணு எடுத்தாப் போதும்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதே” என்றேன். “நீ வா கூட” என்றான். பீரோவிலிருந்து அந்தக் கரண்டு பில்லை எடுத்துப் பையில் வைத்தேன். மடிப்பு கிழிந்திருந்தது, பின்னால் செல்லோடேப் ஒட்டினேன். அவன் சதுரத்தில் அன்றைக்கு நான் போட்ட கேள்விக்குறி அப்படியே இருந்தது. காலை ஐந்தரை பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.